கையில வேண்டாம், கம்புல உட்காரட்டும்

போன மாதம் மயில் தொல்லையைப் பற்றி எழுதியதிலிருந்து யோசனை சொல்பவர்கள் கூடிவிட்டார்கள். ரேடியோவைக் கட்டித் தொங்க விடுங்க, வேலியில கலர் சேலை கட்டுங்க, பழைய சி.டி. கட்டுங்க என்று தினமும் ஒன்று வருகிறது. எல்லாம் பார்த்தாச்சுங்க. அந்தச் சேலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து மயில் இறகு கோதுவதையும் பார்த்தாச்சு.

இந்த வாரம் வந்தது புதுசு. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தம்பி ஒருத்தர் ஒரு வீடியோ அனுப்பி, "அண்ணா, இங்கிலாந்துல டென்னிஸ் மைதானத்துல புறா விரட்டறதுக்குப் பருந்து பழக்கி வச்சிருக்காங்க. நீங்களும் ஒண்ணு பழக்கித் தோட்டத்துல விட்டா என்ன?" என்று கேட்டிருந்தார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கேட்டார்கள். அதில் ஒருத்தர் இன்னும் ஒரு படி மேலே போய், "வல்லூறு குஞ்சு உங்க பக்கம் என்ன விலைக்குக் கிடைக்கும்?" என்றார்.

இந்தப் பதிவு அந்த விலைக் கேள்விக்காகத்தான்.

நம் நாட்டில் பருந்து, வல்லூறு எதையும் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒரே வரியில் பதில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் சட்டம் தடுக்கிறது என்று மட்டும் சொன்னால், "சட்டம் இல்லாட்டி பண்ணலாம் போல" என்று மனதில் ஒரு மூலையில் நின்றுவிடும். பருந்து வேட்டை என்பது என்ன வித்தை, அதில் பறவைக்கும் மனுசனுக்கும் நடுவில் நடக்கிற கணக்கு என்ன என்று தெரிந்தால், குஞ்சு விலை கேட்கிற எண்ணமே வராது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் அந்த வீடியோ. அது உண்மைதான். விம்பிள்டனில் ரூஃபஸ் என்று பேர் வைத்த ஒரு பருந்தை, கூட்டம் வருவதற்கு முன்னால் காலையில் மைதானத்துக்கு மேலே பறக்க விடுவார்கள். புறாவைப் பிடித்துத் தின்பதற்கு இல்லை. இங்கே ஒருத்தன் இருக்கான் என்று காட்டுவதற்கு. அது ஹாரிஸ் பருந்து, அமெரிக்கக் கண்டத்து இனம். பருந்து சாதியில் அபூர்வமாக அது கூட்டமாகச் சேர்ந்து வேட்டையாடும். பத்துப் பேரோடு பிறந்து வளர்ந்த பிள்ளை எந்த ஊருக்குப் போனாலும் அனுசரித்துப் போகிற மாதிரி, அது மனுசனோடும் சுலபமாகப் பழகும். நம் வல்லூறு அப்படி இல்லை, ஒண்டிக்கட்டை. எடை கால் கிலோகூடத் தேறாது. எங்கள் தோட்டத்துக்கு வருகிற ஆண் மயில் நாலு, அஞ்சு கிலோ இருக்கும். வல்லூறைக் கொண்டு மயிலை விரட்டுவது, அணிலை விட்டு எருமையை ஓட்டுகிற கதை.

இனி வித்தைக்கு வருகிறேன்.

நாங்கள் நாய் வளர்த்துப் பழகியவர்கள். நாயைக் கூப்பிட்டால் வரும். சோறு இல்லாவிட்டாலும் வரும், திட்டினாலும் வாலாட்டிக்கொண்டு வரும். அது கூட்டத்தில் வாழ்கிற பிராணி, தலைவன் முகத்தைப் பார்த்தே வளர்ந்தது. வல்லூறுக்கு யார் முகத்தையும் பார்க்க வேண்டிய அவசியம் கிடையாது. குஞ்சு பொரிக்கிற காலம் தவிர மற்ற நாளில் அதற்குத் துணையே வேண்டாம். உங்களைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று அதற்குத் தோன்றவே தோன்றாது. நீங்கள் அடித்தால், "ஏதோ தப்பு பண்ணிட்டோம் போல" என்று நினைக்காது. "இந்தக் கை ஆபத்து" என்று மட்டும் நினைக்கும், அதற்கப்புறம் வராது. அதட்டி, மிரட்டிப் பழக்கவே முடியாத பிராணி இது. (பூனையும் கிட்டத்தட்ட அப்படித்தான் என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள்.)

அப்புறம் எப்படித்தான் பழக்குகிறார்கள்? தராசு வைத்துத்தான்.

பருந்து வைத்திருப்பவன் காலையில் எழுந்ததும் முதலில் செய்கிற வேலை பறவையை எடை போடுவது. கிராம் கணக்கில் எழுதி வைப்பான். வயிறு நிறைந்த பருந்துக்கு நீங்களும் ஒன்றுதான், வேலிக் கல்லும் ஒன்றுதான். பறக்க விட்டால் நேரே மரத்து உச்சிக்குப் போய் உட்கார்ந்து இறகை உதறிக்கொள்ளும். எடை ரொம்பக் குறைந்தால் பறக்கவே தெம்பு இருக்காது, செத்துப் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு எடை இருக்கிறது: நல்ல பசி, நல்ல தெம்பு. காட்டில் காலையில் வேட்டைக்குக் கிளம்பும்போது அது எந்த நிலையில் இருக்குமோ அந்த நிலை. பெரிய பருந்தில் அந்த இடைவெளி கொஞ்சம் தாராளமாக இருக்கும். 150 கிராம் பறவைக்கு ஐந்து, ஆறு கிராம் கூடினாலும் குறைந்தாலும் ஆட்டம் மாறிவிடும். குளிர் அதிகமான நாளில் அந்தக் கணக்கும் மாறும்.

எடை மட்டும் போதாது. எச்சத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும். நெஞ்செலும்பை விரலால் தடவி, சதை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இந்தப் பறவைகள் தின்ற இறகு, முடி எல்லாம் செரிக்காமல் உருண்டையாகத் திரண்டு மறுநாள் வாய் வழியாக வெளியே வரும். அந்த உருண்டை நேரத்துக்கு வந்ததா, நாற்றம் அடிக்கிறதா என்று பார்க்காமல் அன்றைக்குத் தீனி வைக்க மாட்டார்கள். நாங்கள் சாணியைப் பார்த்து மாட்டின் வயிற்றைச் சொல்கிற மாதிரிதான்.

பழக்கம் என்பது இதுதான்: முதலில் கையுறை மேல் உட்கார்ந்து சாப்பிட வைப்பது. சாப்பிட்டுவிட்டது என்றால் பாதி கிணறு தாண்டியாச்சு. அப்புறம் ஒரு அடி தூரத்திலிருந்து கைக்குத் தாவ வைப்பது, அப்புறம் நீளக் கயிறு கட்டி இருபது அடி, ஐம்பது அடி. ஒரு நாள் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவை பறக்கும்போதும் அது சுதந்திரப் பறவை. காலில் தோல்வாரும் சலங்கையும் இருக்கும், இந்தக் காலத்தில் இருக்கிற இடம் காட்டுகிற கருவியும் இருக்கும். இழுத்துப் பிடிக்க எதுவும் கிடையாது. போக நினைத்தால் போய்விடலாம். நிறையப் பறவை போயும்விடுகிறது. எங்கள் கட்டுத்தறியில் நிற்கிற எந்த உருப்படிக்கும் அப்படி ஒரு வாய்ப்பை நான் தினமும் கொடுப்பதில்லை. இந்த ஒரு விஷயத்துக்காக அந்த வித்தைமேல் எனக்கு மரியாதை உண்டு.

உலகத்தில் பல இடத்தில் பல விதமாக இது நடக்கிறது. மங்கோலியாவின் மேற்கு ஓரத்தில் கசாக் மக்கள் பொன்னிறக் கழுகை வைத்துப் பனியில் நரி பிடிக்கிறார்கள். சில வருடம் வைத்திருந்துவிட்டு மலைக்கே திருப்பி விடுகிற வழக்கமும் அவர்களிடம் இருக்கிறது. ஆனால் எனக்கு ரொம்பப் பிடித்தது துருக்கியின் வடகிழக்கு மூலை, கருங்கடல் ஓரம். ரிசே, ஆர்ட்வின் என்று மாவட்டங்கள். நம் வால்பாறை மாதிரி தேயிலைச் சரிவுகள், நல்ல மழை. அங்கே இருக்கிற லாஸ் மக்களும், எல்லை தாண்டி ஜார்ஜியாவின் மேற்குப் பக்கத்தில் இருப்பவர்களும் வைத்திருப்பது நம் வல்லூறுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை ஆகிற ஒரு சின்னப் பறவை. அதை வைத்து அவர்கள் பிடிப்பது காடை.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை வடக்கே இருந்து காடைகள் கருங்கடலைத் தாண்டித் தெற்கே போகும். கடல் தாண்டி வந்த களைப்பில் கரையோரச் செடிகொடிகளில் இறங்கும். அதே காலத்தில் சின்ன வல்லூறுகளும் தெற்கே போகும். அந்தச் சில வாரம்தான் இவர்களுக்குச் சீசன். அதற்கு அவர்கள் தயாராகிற முறையைக் கேளுங்கள்.

முதலில் ஈர மண்ணைத் தோண்டிப் பிள்ளைப்பூச்சி பிடிக்கிறார்கள். ஆமாம், மழைக்காலத்தில் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து விழுந்து தரையில் குறுகுறு என்று ஓடுமே, மடியில் கட்டிக்கொண்டால் ஆகாது என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதே பூச்சிதான். அந்தப் பூச்சியைக் கண்ணியில் வைத்துக் கீச்சான் குருவியைப் பிடிக்கிறார்கள். நம்மூரில் முள்வேலி மேல் உட்கார்ந்து கத்துகிற கீச்சானின் சொந்தக்காரப் பறவை. அதைச் சில நாள் பழக்கி ஒரு குச்சியில் உட்கார வைக்கிறார்கள். அப்புறம் மலை முகட்டில் இலைதழை வைத்து ஒரு குடிசை போட்டு உள்ளே ஒளிந்துகொண்டு, முன்னால் வலையைக் கட்டி, கீச்சானைக் குச்சியோடு ஆட்டிக் காட்டுகிறார்கள். வானத்தில் போகிற வல்லூறு அதைப் பார்த்துப் பாய்ந்து வந்து வலையில் விழுகிறது. பூச்சிக்குக் கீச்சான், கீச்சானுக்கு வல்லூறு, வல்லூறுக்குக் காடை. மண்ணுக்குள்ளே இருந்து ஆரம்பித்து வானம் வரைக்கும் ஒரு ஏணி. எந்தப் பூச்சி எந்த மண்ணில் இருக்கும், எந்தக் காற்றுக்கு எந்தப் பறவை வரும் என்று தெரியாதவனால் இந்த ஏணியின் முதல் படிகூட ஏற முடியாது.

பிடித்த பறவையை ஒரு வாரம், பத்து நாளில் பழக்கிவிடுகிறார்கள். ராத்திரி பகலாகக் கையிலேயே வைத்திருப்பது, டீக்கடைக்குப் போனாலும் கையிலேயே கொண்டு போவது, ஆள் சத்தத்துக்கும் நாய்க்கும் பயம் தெளிய வைப்பது. பெரும்பாலும் பெட்டையைத்தான் வைத்துக்கொள்வார்கள். இந்தச் சாதியில் ஆணைவிடப் பெட்டை நல்ல பெருசு. வேட்டையின்போது பறவையை உள்ளங்கையில் பொத்திப் பிடித்திருப்பார்கள். நாய் காடையைக் கிளப்பியதும், பந்து எறிகிற மாதிரி பறவையை எறிகிறார்கள். முதல் வேகத்தை மனுசன் கை கொடுக்கிறது, மீதி அதன் றெக்கை.

காடை வரத்து முடிந்ததும் பறவையை விட்டுவிடுவார்கள். அடுத்த வருடம் மறுபடி பிள்ளைப்பூச்சி தோண்டுவதிலிருந்து ஆரம்பம்.

இதில் பாசம் கொஞ்சம், கணக்கு நிறைய என்றுதான் நான் நினைக்கிறேன். பத்து மாதம் வேலை இல்லாத பறவைக்கு யார் கறி போடுவது? நெல் அறுப்பு மெஷினை நாங்கள் சொந்தமாக வாங்கி வைக்காமல், சீசனுக்கு மட்டும் வாடகைக்குக் கூப்பிடுகிற அதே மூளைதான். ஆனாலும் அந்தக் கணக்கில் பறவைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இந்த இனத்தில் பாதிக்கு மேல் முதல் வருடத்தையே தாண்டாது. வேட்டை சரியாக வராமல் பட்டினியில் சாகும். இரண்டு மாதம் தீனியும் பயிற்சியும் கிடைத்துக் காட்டுக்குத் திரும்புவது அதற்கு நஷ்டம் என்று சொல்லிவிட முடியாது.

நம் நாட்டிலும் இந்த வித்தை இருந்தது. வடக்கே, பஞ்சாப், சிந்து பக்கம். குமாவுன் மலை ராஜா ருத்ரதேவர் பருந்து வேட்டைக்கென்றே சமஸ்கிருதத்தில் 'சியைனிக சாஸ்திரம்' என்று ஒரு நூல் எழுதி வைத்திருக்கிறார். மொகலாய அரண்மனையில் இதற்கென்று தனி ஆட்கள் இருந்தார்கள். இன்றைக்கும் பஞ்சாபின் மாநிலப் பறவை 'பாஸ்' என்கிற பெரிய வேட்டைப் பருந்துதான். நம் வல்லூறுக்கு அங்கே 'சிக்ரா' என்று பெயர், சிகாரி என்கிற வேட்டைக்காரன் சொல்லோடு சேர்ந்தது. சீக்கிரம் பழகும், சளைக்காமல் பிடிக்கும் என்பதால் அதை அடுப்படிப் பறவை மாதிரி வைத்திருந்தார்கள். ராஜா கையில் உட்கார்ந்து படத்துக்கு நிற்பது பெரிய பருந்து. அந்தப் பெரிய பருந்துக்குத் தீனி பிடித்துப் போடுவது வல்லூறு. வீட்டுக்கு வீடு இப்படி ஒரு ஆள் இருக்கத்தானே செய்கிறது. கழுத்தில் ஒரு நூல் வளையம் போட்டு, கருங்கடல்காரர்கள் மாதிரியே இதையும் கையால் எறிவார்கள்.

எங்கள் கொங்குப் பக்கம் பருந்து வைத்து வேட்டையாடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இங்கே இருந்தது நாய் வைத்து முயல், கூண்டுக் கவுதாரியைக் கத்த வைத்துக் காட்டுக் கவுதாரியைக் கண்ணியில் பிடிப்பது. அந்தக் கூண்டுக் கவுதாரிக்குப் பறந்து போகிற வாய்ப்பு எந்த நாளும் கிடையாது. அதுவும் சட்டப்படி குற்றம்தான். எனக்கு அந்த வேட்டை என்றைக்கும் பிடித்ததில்லை.

யுனெஸ்கோ 2010இல் பருந்து வேட்டையை மனித குலத்தின் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2021 கணக்குப்படி 24 நாடுகள் அதில் இருக்கின்றன. பாகிஸ்தான் இருக்கிறது, இந்தியா இல்லை. "நம்ம பாரம்பரியத்தை நாமே இழந்துட்டோம்" என்று சிலர் வருத்தப்படுவதைப் பார்க்கிறேன். எனக்கு அந்த வருத்தம் இல்லை. பாரம்பரியம் என்பது பிள்ளைப்பூச்சி தோண்டத் தெரிந்த கை. அந்தக் கை இல்லாமல் குஞ்சு மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரிலேயே பார்த்தேன்.

மூன்று வருடம் முன்னால், பத்தாவது படிக்கிற பையன் ஒருத்தன் வேப்பமரக் கூட்டிலிருந்து வல்லூறு குஞ்சு ஒன்றை எடுத்து வந்துவிட்டான். இன்னும் இறகு சரியாக முளைக்கவில்லை. செல்போனில் வீடியோ பார்த்து அதேபோல் வளர்க்கப் போகிறேன் என்றான். பையன் குறை வைக்கவில்லை. தன் காசில் கோழிக்கறி வாங்கி, எலும்பு குத்திவிடும் என்று எலும்பை எல்லாம் எடுத்துவிட்டு, சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி ஊட்டினான். குஞ்சு நன்றாகத் தின்றது. அவன் தலையைக் கண்டாலே கத்தும். காலையில் கத்தும், மத்தியானம் கத்தும், அவன் பள்ளிக்கூடம் போனால் அவன் அம்மாவைப் பார்த்துக் கத்தும். கூட்டிலிருந்து சின்னதிலேயே எடுத்த குஞ்சு அப்படித்தான். மனுசனைத் தாய் என்று நினைத்துக்கொள்ளும். வளர்ந்தாலும் அந்தக் கத்தல் நிற்காது. பெரிதானதும் பயமும் இருக்காது, முகத்திலேயே பாயும்.

இதுக்கு அந்த நிலை வரவில்லை. மூன்றாவது வாரத்தில் கால் வளைய ஆரம்பித்தது. நிற்க முடியாமல் நெஞ்சால் தேய்த்துக்கொண்டு நகர்ந்தது. என்னைக் கூப்பிட வந்தான். "சுத்தமான கறிதானுங்க பெரியப்பா போட்டேன், ஒரு எலும்புகூட இல்லாம." அங்கேதான் பிரச்சினையே. காட்டில் தாய்ப்பறவை ஓணானையும் எலியையும் எலும்போடுதான் கிழித்து ஊட்டும். வெறும் சதையில் சுண்ணாம்புச் சத்து கிடையாது. கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு அதைத்தான் சொன்னார். இரண்டு நாளில் செத்துப்போனது. பையன் தேம்பித் தேம்பி அழுதான், அவனைக் குறை சொல்லத் தோன்றவில்லை. கூட்டில் இருந்த மற்ற இரண்டு குஞ்சும் அந்த வாரமே பறந்து, எங்கள் கிணற்று மேட்டுத் தென்னையில் கத்திக்கொண்டிருந்தன.

விலை கொடுத்துக் குஞ்சு வாங்குகிற எல்லா வீட்டிலும் இதுதான் நடக்கும். ஆசைக்குக் குறைவிருக்காது, எலும்பு மட்டும் இருக்காது.

இதனால் பருந்து வேட்டை என்றாலே கொடுமை, உலகம் முழுக்கத் தடை செய்ய வேண்டும் என்று ஒரு கட்சி சொல்கிறது. அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காரணம் டி.டி.டி.

எங்கள் அப்பா காலத்தில் டி.டி.டி. பவுடர் இல்லாத வீடு கிடையாது. அமெரிக்காவில் அதை வயல், காடு எல்லா இடத்திலும் தெளித்தார்கள். பூச்சியிலிருந்து சின்னக் குருவிக்கு, குருவியிலிருந்து பெரெக்ரின் என்கிற பெரிய வல்லூறுக்கு விஷம் ஏறியது. பறவை சாகவில்லை, முட்டை ஓடு மெலிந்துபோனது. தாய் அடைகாக்க உட்கார்ந்தால் முட்டை அவள் வயிற்றுக்கு அடியிலேயே நொறுங்கியது. 1960களின் நடுவில் மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இந்தப் பறவையின் ஒரு ஜோடிகூடக் கூடு கட்டவில்லை. 1972இல் அங்கே டி.டி.டி.யைத் தடை செய்தார்கள். ஆனால் பறவையே இல்லாத இடத்துக்குப் பறவை எங்கிருந்து வரும்?

அப்போது கைகொடுத்தவர்கள் பருந்து வளர்ப்பவர்கள்தான். டாம் கேட் என்கிற பேராசிரியர், அவரே பருந்து வேட்டைக்காரர், 1970இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பெரெக்ரின் நிதியம் என்று ஆரம்பித்தார். வேட்டைக்காரர்கள் தங்கள் சொந்தப் பறவைகளைக் கொடுத்தார்கள். மனுசனையே ஜோடி என்று நினைத்துக்கொண்ட ஆண் பறவைக்கு, தலையில் ஒரு விசேஷத் தொப்பி போட்டுக்கொண்டு போய் நின்று, அதன்மேல் அது சேர்ந்த பிறகு வித்தை எடுத்துப் பெட்டைக்குச் செலுத்தினார்கள். மாட்டுக்குச் சினை ஊசி போட்டுப் பழகிய எங்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, தொப்பியைத் தவிர. குஞ்சுகளைப் பாறை முகட்டிலும் கோபுரத்திலும் பெட்டியில் வைத்து, ஆள் முகம் காட்டாமல் தீனி போட்டு, தானாகப் பறந்து வேட்டை பழகவிட்டார்கள். அதுவும் பல நூறு வருடப் பழைய பருந்துக்காரர் முறைதான். நாலாயிரத்துக்கு மேல் பறவைகள் இப்படி விடப்பட்டன. 1999இல் அழியும் பறவைகள் பட்டியலிலிருந்து பெரெக்ரினை எடுத்தார்கள். தராசும் தோல் தொப்பியும் வைத்திருந்தவர்களின் அனுபவம் இல்லாமல் இது நடந்திருக்காது.

வளைகுடாப் பணக்காரர்கள் பாகிஸ்தான் பாலைவனத்துக்குப் பரிவாரத்தோடு போய் வரகுக்கோழி சாதியான ஹூபாராவை வேட்டையாடுவது வேறு விஷயம். 2015இல் அங்கே உச்ச நீதிமன்றம் தடை போட்டது, 2016 ஜனவரியில் அதே நீதிமன்றம் எடுத்தும்விட்டது. அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

சரி, எங்கள் தோட்டத்துக்கு வருகிறேன். பருந்தை நான் பழக்கவில்லை. ஆனால் வேலைக்கு வைத்திருக்கிறேன், ஒரு வகையில்.

கடலைக்காட்டிலும் நெல் வயலிலும் காய்ந்த தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டு வைக்கிறோம். அகலமான அடிப்பாகம் மேலே இருக்கும், பறவை உட்கார வசதியான நாற்காலி. மட்டை இல்லாவிட்டால் 'ட' கம்பு போதும், அதாவது ஒரு குச்சி மேல் குறுக்கே இன்னொரு குச்சி. பயிருக்கு மேலே இரண்டு, மூன்று அடி உயரம் நின்றால் சரி. பகலில் முதலில் வருவது இரட்டைவால் குருவி, அப்புறம் பனங்காடை, மைனா. புழுவும் வெட்டுக்கிளியும் அவர்கள் பொறுப்பு. இருட்டினதும் புள்ளி ஆந்தையும் கூகையும் வரும். கூகை ஒரு ராத்திரிக்கு இரண்டு, மூன்று எலி பிடிக்கும், குஞ்சு இருக்கிற காலத்தில் இன்னும் கூட. காலையில் மட்டைக்கு அடியில் அது கக்கிய உருண்டை கிடக்கும். தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் எலி மண்டையோடு முழுசாக இருக்கும். கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வருகிற எங்கள் தங்கச்சி பிள்ளைகளுக்கு இதை எண்ணுவதுதான் வேலை. முதலில் மூக்கைப் பொத்துவார்கள், அப்புறம் கையிலிருந்து வாங்க முடியாது.

இஸ்ரேலில் 1983இலிருந்து வயலோரம் கூகைக்குப் பெட்டி வைத்து எலியைக் கட்டுப்படுத்துகிறார்கள், மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் செய்கிறார்கள். நாங்கள் புதுசாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

இதற்குக் கூலி ஒன்றுதான்: எலிக்கு விஷம் வைக்கக்கூடாது. ரத்தம் உறையாமல் செய்கிற அந்தக் கேக்கு வகை விஷத்தைத் தின்ற எலி உடனே சாகாது. இரண்டு, மூன்று நாள் தள்ளாடித் திரியும். தள்ளாடுகிற எலியைப் பிடிப்பது கூகைக்கு ரொம்பச் சுலபம். விஷம் எலியோடு கூகைக்குள் போகும். மட்டையையும் நட்டு விஷத்தையும் வைப்பது, விருந்துக்குக் கூப்பிட்டுச் சாப்பாட்டில் கலந்து கொடுக்கிற வேலை. எங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இன்னும் வைக்கிறார்கள். போன தை மாதம் வரப்பில் ஒரு கூகை செத்துக் கிடந்தது. எதனால் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. பேசிப் பார்க்கிறேன், இரண்டு பேர் நிறுத்தியிருக்கிறார்கள், எலி அடிக்கிற கிட்டி வைக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

வல்லூறு எங்கள் மட்டையில் எப்போதாவதுதான் உட்காரும். அதற்கு வேப்பமர நிழல்தான் பிடிக்கும். ஓணான், வெட்டுக்கிளி, சுண்டெலி எடுக்கும். கோழிக்குஞ்சும் எடுக்கும், அதை மறைக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு வல்லூறு என்ற பேரே ஆகாது. இந்தப் பதிவைப் படித்துக் காட்டினால் சோறு கிடைக்குமா என்பதே சந்தேகம். குஞ்சு பொரித்து முதல் இருபது நாள் கொடாப்புக்குள்ளே வைத்திருந்தால் போதும், அப்புறம் அதுகளுக்கே ஒளியத் தெரிந்துவிடும் என்று நான் சொல்வேன். "நீங்க வேணா கொடாப்புக்குள்ள உட்காருங்க" என்று பதில் வரும்.

மயிலுக்கு இது எதுவும் மருந்து இல்லை. அந்தச் சண்டை தனி, அதற்கு இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இதைப் படித்துவிட்டு ஊரில் நிலம் இருக்கிறவர்கள் மட்டை நட நினைத்தால் ஒன்று மட்டும் கவனம். சோளம், கம்பு, நெல் எதுவானாலும் கதிர் பால் பிடிக்கும்போது எல்லா மட்டையையும் பிடுங்கிவிடுங்கள். அதற்கப்புறம் அந்த நாற்காலியில் வந்து உட்காருவது கிளியும் சிட்டும்தான். பிடுங்கிய மட்டை நன்றாகக் காய்ந்திருக்கும், வெந்நீர் அடுப்புக்கு ஆகும்.